கொரிய வகுப்பறையில் வாய் திறக்காத பிள்ளைகள்

கொரியாவில் அரசுப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருகிறவர்களை முதல் வாரமே கலங்கடிப்பது வகுப்பின் மௌனம்தான். கேள்வி கேட்டால் ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. உடனே, இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டிப் பாடத்தைத் தண்ணியாக்கிவிடாதீர்கள்.

1997 முதல் அங்கே மூன்றாம் வகுப்பில்தான் ஆங்கிலப் பாடம் ஆரம்பம். ஆனால் எல்லாரும் அன்றுதான் ஆரம்பிக்கிறார்களா என்றால், இல்லை. ஒருத்தி ஆங்கில மழலையர் பள்ளியில் படித்துவிட்டு, சாயங்காலம் ஹாக்வோன் எனப்படும் தனியார் டியூஷனுக்கும் போய்ச் சரளமாகப் பேசுவாள்; பக்கத்து நாற்காலிப் பையனுக்கு ‘பி’யும் ‘டி’யும் இன்னும் குழம்பும். அவன் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் பென்சிலால் பொடிப்பொடியாக, கொரிய எழுத்தான ஹங்குலில் உச்சரிப்பை எழுதி வைத்திருப்பான், நாம் பக்கத்தில் போனதும் உள்ளங்கையால் மறைத்துக்கொள்வான். அதை அழிக்கச் சொல்லாதீர்கள், அவன் படிக்க முயல்கிறான் என்பதற்கு அதுதான் சாட்சி. 2018-இல் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குப் பள்ளி முடிந்தபின் நடந்த ஆங்கில வகுப்பைத் தடை செய்தார்கள். காசு உள்ளவர்கள் வெளியே படிக்கலாம், இல்லாதவர்களுக்கு அதுவும் போனது. நல்லவேளை, அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

அந்தப் பையனைத் தனியாக எழுப்பிக் கேட்பதுதான் நாம் செய்கிற பெரிய கொடுமை. நாற்பது பேர் முன்னால் இல்லை, இருபது பேர் முன்னால் என்றாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் ஒன்றுதான். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச விடுங்கள், அப்புறம் நான்கு பேராக, அதற்கப்புறம் விருப்பமுள்ளவர் சொல்லட்டும். தொடக்கப் பள்ளியில் ஒரு பீரியட் 40 நிமிடம், இதற்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. யார் ஹாக்வோன் போகிறார், யார் போகவில்லை என்பது நம்மோடு சேர்ந்து பாடம் எடுக்கும் கொரிய ஆசிரியருக்குத் தெரியும். வகுப்புக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

மேல்நிலைப் பள்ளியில் கதை வேறு. அங்கே எல்லாம் நவம்பரில் வரும் சுனுங் என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வை நோக்கியே ஓடும். ஆங்கிலத்துக்கு 70 நிமிடம், 45 கேள்வி, அதில் 17 ஒலிப்பதிவைக் கேட்டு விடை குறிக்கும் ‘கேட்டல்’ கேள்வி. கேட்டல் நடக்கும் நேரத்தில் விமானங்கள்கூட ஏறி இறங்குவதில்லை. பேச்சுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அதனால் பேச்சுப் பயிற்சியைத் தனியாக வைத்தால் மாணவர்கள் பொறுமை இழப்பார்கள், அது நியாயமும்கூட. பழைய கேட்டல் கேள்வியில் வரும் உரையாடலையே எடுத்து, பதில் குறித்த பிறகு, இருவர் இருவராக அதைத் தொடர்ந்து பேசச் சொல்லுங்கள்.