தீபாவளி ஒரு நாள், முறுக்கு டப்பா பதினைந்து நாள்

மூன்று மாதமாகச் சோற்றைக் குறைத்து, விடியற்காலையில் எழுந்து நடந்து, நாலு கிலோ இறக்கியவர் தீபாவளிக்கு மறுநாள் எடை மெஷினில் ஏறுகிறார். இரண்டு கிலோ கூடக் காட்டுகிறது. பட்டதெல்லாம் வீணாய்ப் போயிற்று என்று மனம் விட்டுப்போய், மிச்சமிருக்கும் பலகாரத்தைக் கணக்கில்லாமல் சாப்பிட ஆரம்பிக்கிறார். அந்த இரண்டு கிலோ எதனால் ஆனது என்று தெரிந்திருந்தால் அவர் அப்படி விட்டிருக்க மாட்டார்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. இரண்டு கிலோ கொழுப்பு ஒரே நாளில் ஏற வேண்டுமென்றால், அன்றாடத் தேவை போக 15,400 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்க வேண்டும். 40 கிராம் லட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 180 கலோரி என்று வைத்தால், எண்பதுக்கும் மேற்பட்ட லட்டு. யாராலும் முடியாது. நன்றாகவே சாப்பிட்ட ஒரு தீபாவளி நாளில் தேவைக்கு மேல் போவது 1,200 முதல் 1,500 கலோரி வரை இருக்கலாம். அது அத்தனையும் கொழுப்பாகவே சேர்ந்தாலும் 200 கிராமைத் தாண்டாது.

மீதி எடை முக்கியமாகத் தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில வாரங்களாகச் சோறு, இட்லி, சர்க்கரையைக் குறைத்தவருக்கு இந்தச் சேமிப்பு வற்றியிருக்கும். பண்டிகை நாளில் 250 கிராம் கிளைக்கோஜன் திரும்ப நிரம்பினால், 750 கிராம் தண்ணீரும் கூடவே வரும். ஒரு கிலோ ஆயிற்றா? அடுத்தது உப்பு. மிக்சர், காராசேவு, குழம்பு என்று வழக்கத்தைவிட 4, 5 கிராம் உப்பு கூடுதலாகப் போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றும் வரை அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் உடம்பில் தங்கும். இவை போக, குடலில் இன்னும் செரிமானமாகாத உணவின் எடையும் இருக்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இதில் பெரும்பகுதி நாலைந்து நாளில் தானாக இறங்கிவிடும்.

உண்மையான சேதம் நடப்பது அதற்குப் பிறகுதான், சமையலறை அலமாரியில் இருக்கும் டப்பாவால். 20 கிராம் எடையுள்ள கைமுறுக்கு ஒன்றில் சுமார் 100 கலோரி. மாலைக் காபியோடு தினம் நாலு. பதினைந்து நாளில் 6,000 கலோரி, அதாவது முக்கால் கிலோவுக்கும் சற்று மேலான கொழுப்பு. தீபாவளி அன்றைய விருந்தைப்போல இது நாலு மடங்கு. ஆனால் கண்ணில் படுவது விருந்துதான், இந்த நாலு முறுக்கு அல்ல.

அமெரிக்காவில் 195 பேரின் எடையை நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரித் தொடக்கம் அல்லது நடுப்பகுதி வரையிலான பண்டிகைக் காலத்தில் அளந்து பார்த்து, 2000-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாகக் கூடியது 0.37 கிலோதான். கவலைக்குரிய விஷயம் வேறு. ஏறிய அந்தச் சிறு எடை அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு இப்படித் தங்குவதுதான் நடுவயதில் இடுப்பைச் சுற்றிச் சேர்கிறது.

பலகாரத்தில் எண்ணெய் எப்படி ஏறுகிறது என்பதை அறிந்துகொண்டால் அடுப்பங்கரையிலேயே பாதிப் பிரச்சினையைக் கையாளலாம். முறுக்கைக் காயும் எண்ணெயில் போட்டதும் மாவில் உள்ள நீர் ஆவியாகிப் பீறிட்டு வெளியேறுகிறது. சலசலவென்று குமிழி வருவது அதனால்தான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே நுழைவது கடினம். சலசலப்பு அடங்கி, முறுக்கை வெளியே எடுத்து அது ஆறத் தொடங்கும்போது, துளைகளுக்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளுக்கு உறிஞ்சப்படுகிறது. ஆக, முறுக்கு குடிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு வாணலியை விட்டு வெளியே வந்த பிறகே உள்ளே போகிறது.

எனவே எடுத்த முதல் ஒரு நிமிடம் முக்கியம். ஜல்லிக் கரண்டியில் அள்ளி, வாணலிக்கு மேலேயே பத்துப் பதினைந்து விநாடி பிடித்து உதறுங்கள். பிறகு வடிதட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் சாய்த்து நிறுத்துங்கள். அடுக்கினால் மேலதில் வடியும் எண்ணெயைக் கீழது குடிக்கும், ஆவியும் சிக்கி மொறுமொறுப்பும் போய்விடும். செய்தித்தாள் வேண்டாம். அச்சு மை உணவில் இறங்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது.

எண்ணெயின் சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் கருகாமல் உடனே மேலே எழும்பினால் சரியான பதம். சூடு போதாவிட்டால் மேல்தோல் இறுகத் தாமதமாகி, முறுக்கு எண்ணெயில் ஊறும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் நிற்கும், இரண்டே நாளில் டப்பாவுக்குள் நமுத்துவிடும். ஒரே ஈட்டில் வாணலி நிறையப் போடுவதும் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும். எண்ணெயின் மேற்பரப்பில் பாதியாவது காலியாகத் தெரியட்டும். வெண்ணெயிலும் கை தாராளமாகிவிடக் கூடாது. 4 டம்ளர் அரிசி மாவு, 1 டம்ளர் வறுத்தரைத்த உளுந்து மாவுக்கு 2, 3 மேசைக்கரண்டி வெண்ணெய் போதும். கூடினால் மாவு பிடிப்பிழந்து, முறுக்கு எண்ணெயிலேயே பிரியும், எண்ணெயையும் கூடக் குடிக்கும்.

உங்கள் வீட்டு முறுக்கு எவ்வளவு குடித்தது என்று அறிய எளிய வழி உண்டு. தொடங்கும்போதும் முடித்து ஆறிய பிறகும் எண்ணெயை எடை போடுங்கள், இடையில் ஊற்றியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது 400 கிராம், சுட்டது 60 முறுக்கு என்றால், கிராமுக்கு 9 கலோரி வீதம் ஒவ்வொன்றிலும் எண்ணெய் மட்டுமே 60 கலோரி. எவ்வளவு நன்றாக வடித்தாலும் எடையில் கால்வாசி எண்ணெயாக இருப்பது இயல்பு. அதற்காக ஏர் ஃப்ரையரில் கடக்முடக்கென்று ஒன்றைச் செய்து தின்பதைவிட, நல்ல முறுக்காகவே சுட்டு, மாவை மட்டும் பாதியாகக் குறைப்பது மேல். மைசூர்பாகுக்கும் இதுவே பொருந்தும். நெய்யைக் குறைத்தால் அது மைசூர்பாகாகவே வராது. 40 கிராம் துண்டு ஒன்றில் 200 கலோரிக்குக் குறையாது, ஆகவே துண்டைச் சிறிதாகப் போடுங்கள்.

வயிறு முட்டச் சாப்பிட்ட பின்னும் பாயசத்துக்கு மட்டும் இடம் இருப்பது ஏன்? ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அதன்மேல் உள்ள நாட்டம் மட்டும் மங்குகிறது, வேறு சுவை வந்ததும் நாட்டம் புதிதாகத் தொடங்குகிறது. உணவுப் பழக்கத்தை ஆராயும் பார்பரா ரோல்ஸும் அவருடைய குழுவினரும் 1980-களில் இதைச் சோதித்தார்கள். நான்கு சுற்றிலும் ஒரே உணவைச் சாப்பிட்டவர்களைவிட, நான்கு வேறு உணவுகளைச் சாப்பிட்டவர்கள் கலோரிக் கணக்கில் 60 சதவீதம் கூடுதலாக உண்டார்கள். பதினைந்து வகை பரிமாறிய இலைக்கு முன் இது மன உறுதி சம்பந்தப்பட்டதே அல்ல, நாக்கின் இயல்பு. இனிப்பில் எட்டு வகை இருந்தால் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த இரண்டை மட்டும் முதலிலேயே தேர்ந்து தட்டில் எடுத்து வையுங்கள். தட்டுக்கு வராத வகை நாக்கைத் தூண்டாது.

மதிய விருந்துக்கு என்று காலையில் பட்டினி கிடப்பது பலர் செய்யும் தவறு. பதினொரு மணிக்கு யாராவது நீட்டும் தட்டில் பசித்த கை போய் விழும். தீபாவளிக் காலையில் மூன்று இட்லி, கறிக்குழம்பில் நாலைந்து துண்டு கறி என்று சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். புரதம் பசியை நெடுநேரம் அடக்குவதோடு, அதைச் செரிக்கவே அதன் கலோரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செலவாகிறது. கொழுப்புக்கு அந்தச் செலவு 3 சதவீதத்துக்குள்தான். சைவர்கள் கறிக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் வைத்துக்கொள்ளலாம். மதியம் இலையில் உட்கார்ந்ததும் கூட்டு, பொரியலை முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். காயும் புரதமும் முதலில் போனால் ரத்தச் சர்க்கரை நிதானமாக ஏறும். இனிப்பு சாப்பாட்டின் கடைசியில். எழுந்ததும் படுக்காமல் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்து வந்தால், தசைகள் சர்க்கரையை நேரடியாக இழுத்துக்கொள்ளும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வேளை தவறினால் சர்க்கரை தாழ்ந்து ஆபத்தாகலாம், அவர்கள் எக்காரணம் கொண்டும் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது.

மூன்றாம் நாள் டப்பாக்களைத் திறந்து இருப்பைப் பாருங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாரத்துக்கு, நாளொன்றுக்கு ஒரு முறுக்கு, ஒரு இனிப்பு என்று எடுத்து வைத்துவிட்டு மீதியை அக்கம்பக்கத்துக்கும் அலுவலகத்துக்கும் வேலைக்கு வரும் அம்மாவுக்கும் அப்போதே கட்டிக் கொடுங்கள். நமுத்த பிறகு கொடுப்பது மரியாதையும் அல்ல. வைத்ததையும் டப்பாவிலிருந்தே எடுத்துத் தின்னாமல், சின்னத் தட்டில் எண்ணி வைத்து, மூடியை இறுக்கிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

எடை மெஷினை ஆறாம் நாள் காலை வரை தொட வேண்டாம். அன்று கழிப்பறை போய் வந்து, வெறும் வயிற்றில், பண்டிகைக்கு முன் ஏறிய அதே மெஷினில் ஏறுங்கள். பழைய எடையைவிட 300 கிராம் கூட இருந்தால், அதைக் கொழுப்பு என்றே வைத்துக்கொண்டாலும் சுமார் 2,300 கலோரி. தினம் இரவில் ஒரு கரண்டிச் சோறும் மாலையில் அந்த ஒரு இனிப்பும் குறைத்தால் ஏறக்குறைய 300 கலோரி மிச்சம், எட்டு நாளில் கணக்கு நேராகிவிடும்.