பிழை: யானையைத் தப்பிய வேலும் ஈரம் போகாத உருளைக்கிழங்கும்

உயர்நிலை 3இல் படிக்கும் மகளின் உயிரியல் பயிற்சித்தாளில் ஒரு கேள்வி: இந்தச் சோதனையின் 'சோர்சஸ் ஆஃப் எரர்' (அளவீடு உண்மையிலிருந்து விலகக் காரணங்கள்) இரண்டைக் குறிப்பிடுக. 'ஹியூமன் எரர்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு கோடு, மதிப்பெண் சுழியம். சிங்கப்பூரில் அறிவியல் ஆங்கிலத்தில்தானே. சரி, வீட்டிலாவது தமிழில் விளக்குவோம் என்று உட்கார்ந்தால் முதல் சொல்லே இடறியது. எரர் என்பது தவறா, தப்பா, பிழையா, வழுவா?

எரர் லத்தீன் வழி வந்தது. 'எர்ராரே' என்ற வினைக்கு அலைதல், வழிவிலகித் திரிதல் என்று பொருள். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை.

நம் 'பிழை' இன்னும் பொருத்தம். 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது' என்பது குறள் (772). காட்டு முயலைத் தைத்த அம்பைவிட, யானை மீது எறிந்து குறி தப்பிய வேலை ஏந்துவதே இனிது என்கிறது. எறிந்தவனை வள்ளுவர் பழிக்கவில்லை, மெச்சுகிறார். ஆக, பிழைத்தல் என்றால் குறியில் படாமல் போவது. அளந்த எண் உண்மை மதிப்பில் படாமல் போவதும் அதுதானே? உயிர் பிழைத்தான் என்பதும் இதே வினைதான். தப்பு, தப்பித்தான் என்ற ஜோடியும் அப்படியே. கொள்ளுத் தாத்தா சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்தவர் என்றேன். "அப்போ அவர் எரரா?" என்று சிரித்தாள் மகள்.

'தவறு'க்கும் குறி தப்புதல் என்ற பொருள் உண்டு. ஆனால் இன்று அதில் பழி ஒட்டிக்கொண்டுவிட்டது. கரைசலைக் கீழே கொட்டினால் தவறு, மறுபடி செய்ய வேண்டியதுதான். கவனமாகச் செய்தும் நுழைவது பிழை. 'ஹியூமன் எரர்' எடுபடாததும் இதனால்தான்: எது, எங்கே, எந்தப் பக்கம் விலகியது என்று அது சொல்வதே இல்லை.

சமையலறையிலேயே செய்து பார்த்தோம். உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, முன்னும் பின்னும் எடை பார்க்கும் சவ்வூடு பரவல் (மெல்லிய சவ்வு வழியே நீர் நகர்தல்) சோதனை. வெளியே எடுத்து டிஷ்யூவில் ஒற்றும்போது ஒரு துண்டில் ஈரம் தங்கினால் எடை கூடும், இன்னொன்றை அழுத்தி ஒற்றினால் குறையும். இப்படி இரு பக்கமும் ஆடுவது ஒழுங்கற்ற பிழை. பல துண்டுகளை எடைபோட்டுச் சராசரி எடுத்தால் அடங்கும். தராசே எப்போதும் 0.2 கிராம் கூட்டிக் காட்டுகிறதா? அது முறையான பிழை. நூறு முறை எடைபோட்டாலும் சராசரி உதவாது, தராசைத்தான் சரிசெய்ய வேண்டும். அளவுருளையைச் சாய்வாகப் பார்த்துப் படித்தால் இடமாறு தோற்றப் பிழை. ஒளிச்சேர்க்கைச் சோதனையில் நீர்த்தாவரம் விடும் குமிழிகளை எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. குமிழிகள் எல்லாம் ஒரே அளவா என்ன?

இலங்கையில் இதற்கு 'வழு' என்பார்கள். வழு, வழாநிலை, வழுவமைதி என்று இலக்கணத்தில் ஊறிய நல்ல சொல். ஆனால் இங்குள்ள பிள்ளைகள் காதுக்குப் புதிது. என் ஓட்டு பிழைக்கே.

மிச்சம் இருப்பது 'சோர்ஸ்'. 'பிழை மூலம்' என்றால் பிழையின் வழியாக என்று கேட்கும். மருத்துவர் சொல்லும் மூலம் வேறு நினைவுக்கு வந்து தொலைக்கும். எழுத்தில் 'பிழைத் தோற்றுவாய்' சரியாக இருக்கிறது. பேச்சில் 'பிழை நுழையும் இடம்' போதும். மகள் கசங்கிய டிஷ்யூவைத் தூக்கிக் காட்டினாள்: "இங்கதாம்மா நுழைஞ்சுது."