நோய் திரும்பிய பிறகும் சிரிப்பவர்கள்

புற்றுநோய் முதல் தடவை வரும்போது பயத்தோடு கூடவே ஒரு அறியாமையும் இருக்கும். அது ஓரளவுக்குக் காப்பாற்றவும் செய்யும். நோய் திரும்பும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. வாய்ப்புண் எப்படி எரியும், முடி எப்போது கொத்தாகக் கையோடு வரும், தனி அறையில் இரவு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் நோயாளிக்குத் தெரியும். ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) மாற்று சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இரண்டாம் முறை அட்மிட் ஆகிறவர்களில் சிலர் முதல் முறையைவிட அதிகமாக ஜோக் அடிப்பதைப் பார்க்கிறேன். அந்த ஜோக்குகளை வீட்டாரும் எங்களைப் போன்றவர்களும் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பிரிவுக்கு அதிகம் வருவது மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும் புற்றுநோய் இது. மருந்துகளால் நோயைக் குறைத்த பிறகு, நோயாளியின் ஸ்டெம் செல்களையே ரத்தத்திலிருந்து பிரித்து உறைய வைப்பார்கள். அப்புறம் மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தை அதிக அளவில் கொடுத்து, ஓரிரு நாளில் அந்தச் செல்களைத் திரும்ப ஏற்றுவார்கள். பல வருடங்கள்கூட நோய் அடங்கியிருக்கும். ஆனால் மருந்துக்குத் தப்பிய செல்கள் பெரும்பாலானவர்களுக்கு ஒரு கட்டத்தில் மறுபடி பெருகுகின்றன. வலி எதுவும் தெரிவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனையில் இந்தச் செல்கள் சுரக்கும் எம் புரதம் ஏறியிருக்கும். முதல் சிகிச்சை சில வருடங்களாவது பலன் தந்திருந்து, உடம்பும் தாங்கும் என்றால், இரண்டாவது மாற்று சிகிச்சை பற்றி டாக்டர்கள் யோசிப்பார்கள்.

"மனசைத் தளர விட்டாரு, அதான் திரும்பிடுச்சு" என்று சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து இப்படிப் பேசாதீர்கள். சிரித்தால் புற்றுநோய் செல் சாகாது, அழுதால் அது வளராது. நோய் திரும்பியதற்கு நோயாளி எந்த விதத்திலும் பொறுப்பில்லை.

அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இரண்டாவது மாற்று சிகிச்சைக்கு வந்தார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு தடவைக்குத் தேவையான செல்களை முதல் முறையே சேகரித்து வைத்துவிடுவது பல மையங்களில் வழக்கம். இவருக்கும் அப்படி இருப்பில் இருந்தது. டாக்டர் அதைச் சொன்னதும், "அப்பவே ரிட்டர்ன் டிக்கெட்டும் சேர்த்துப் போட்டுட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றார். முடி கொட்டியபோது, "போன தடவை பழனிக்குக் கொடுத்தாச்சு. இதைத் திருப்பதி கணக்குல எழுதிக்கோங்க சிஸ்டர்" என்றார். மெல்ஃபலான் ஏறும்போது வாயில் ஐஸ் கட்டியை அடக்கி வைத்திருக்க வேண்டும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வாய்ச் சவ்வுக்குப் போகும் மருந்து குறையும், புண்ணும் குறையும். பேச முடியாத அந்த நேரத்திலும் சைகையாலேயே எங்களைச் சிரிக்க வைத்தார். உறைய வைக்கும்போது செல்கள் கெடாமலிருக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவத்தைச் சேர்ப்பார்கள். அதனால் செல்கள் ஏறிய பிறகு ஓரிரு நாள் நோயாளியின் மூச்சில் பூண்டு மாதிரி ஒரு வாடை வரும். மாஸ்க்கையும் மீறி அது அவர் மனைவிக்கு எட்டியபோது, "உன் கையால ரசம் சாப்பிட முடியலையேன்னு நானே வச்சுட்டேன்" என்றார். அந்த அம்மா அன்றைக்குத்தான் சிரித்தார்.

தினமும் காலையில் ரத்த ரிப்போர்ட் வந்ததும் அவருடைய முதல் கேள்வி, "இன்னைக்கு வண்டியில எத்தனை பேர் ஏறினாங்க?" தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டித் தொடர்ந்து மூன்று நாள் நின்றால் செல்கள் பிடித்துவிட்டன என்று கொள்வோம். சொந்தச் செல்களை ஏற்றியவர்களுக்கு அதற்குப் பெரும்பாலும் 10 முதல் 14 நாட்கள் ஆகும். கவுண்ட் அடிமட்டத்தில் கிடந்த ஒரு நாள் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "கடைசி ஸ்டாப் வந்துடுச்சு போல, இறங்க வேண்டியதுதான்" என்று சிரித்தார். இந்த மாதிரி நேரத்தில் "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைத்துவிடுவது எல்லோருக்கும் சுலபம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இறங்குறதைப் பத்தி என்ன ஐயா யோசிக்கிறீங்க?" என்று கேட்டேன். வங்கி டெபாசிட்டுக்கு நாமினி போடாதது, மகளிடம் பேசாமல் விட்ட ஒரு விஷயம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மறுநாளே மகளை வரச் சொன்னோம். ஜோக்காகச் சொன்னதால்தான் சாவைப் பற்றி அவரால் பேசவே முடிந்தது என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் திரும்பி, கொடையாளரின் செல்களை இரண்டாவது முறை ஏற்றிக்கொள்ள வந்த ஒரு இளம்பெண் இருந்தாள். கொடையாளர் செல்கள் என்றால் தொற்று அபாயம் அதிகம். புதிய செல்கள் உடம்பையே தாக்கும் ஜி.வி.எச்.டி.யும் வரலாம். இரண்டாம் முறை எல்லாமே இன்னும் கடினம். அவளிடம் வந்த ஒவ்வொருவரும் "சிரிச்ச முகமா இரு" என்றே சொன்னார்கள். "சிரிக்கிறதையும் ஒரு மாத்திரை மாதிரி கொடுக்குறாங்க, சிஸ்டர்" என்று என்னிடம் அழுதாள். சிரிப்பது நோயாளியின் உரிமை, யாரும் அதை அவர் மேல் சுமத்தக் கூடாது. அவர் ஜோக்கை ஆரம்பித்தால் கூடச் சேருங்கள். ஆரம்பிக்கவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. சிலர் ஜோக்கால் அறிகுறியை மறைப்பார்கள். "என்ன, ரூம் ஊட்டி மாதிரி இருக்கு?" என்று ஒருவர் சொன்னால், நான் ஏசியைக் குறைப்பதற்கு முன்பு தெர்மாமீட்டரை எடுத்துவிடுவேன். வீட்டுக்குப் போன பிறகு உங்களுக்கும் இதுவே பொருந்தும். காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், நடுராத்திரி ஆனாலும் உடனே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். நீங்களாகவே பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அமுக்கிவிட்டுக் காலை வரை காத்திருக்காதீர்கள். வெள்ளணுக்கள் குறைந்த உடம்பில் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கூட இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் சிகிச்சையிலேயே அவர்களுடைய பணமும் தூக்கமும் கரைந்திருக்கும். வராந்தாவில் மற்ற அட்டெண்டர்களோடு எதற்கோ சிரித்துவிட்டு, உள்ளே வரும்போது குற்றவாளி மாதிரி முகத்தை மாற்றிக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பில் தப்பே இல்லை. அட்மிஷனுக்கு முன்பே மாற்றி மாற்றி இருக்க இன்னொரு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மருத்துவமனையில் மனநல ஆலோசகரும் சமூகப் பணியாளரும் இருக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். பணத்தைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் நோயாளி மட்டுமில்லாமல் நீங்களும் அவர்களிடம் பேசலாம்.