ஒன்றரைக் கிலோ சக்கரத்துக்கு 28 கிலோ கட்டணம்: வெளிநாட்டு சைக்கிள் சாமான் வாங்கும் முன்

கோயம்புத்தூரில் கஸ்டம்ஸ் புரோக்கர் வேலை, அதாவது வெளிநாட்டுச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் வேலை என்றால் முக்கால்வாசி மில் சமாச்சாரம்தான். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஜெர்மனி ஊசி, ஸ்பின்னிங் மில்லுக்கு ஸ்விட்சர்லாந்து பாகம் என்று ஓடும். கொஞ்ச காலமாக இதற்கு நடுவே சைக்கிள்காரர்களும் வருகிறார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவர்கள், ஞாயிறு விடியலில் திம்பம் மலைக்குக் கிளம்புகிறவர்கள். உள்ளூர்க் கடையில் கிடைக்காத கியர், கார்பன் சக்கரம், பவர் மீட்டர் எல்லாம் வெளிநாட்டுத் தளத்தில் பார்த்துவிட்டு எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஏனுங்கண்ணா, டியூட்டி எத்தனை பர்சென்ட் வருமுங்க?"

பர்சென்ட் எத்தனை என்பது இரண்டாவது கேள்வி. எதன் மேல் அந்தப் பர்சென்ட் என்பதுதான் முதல் கேள்வி. என் கண்ணெதிரே பணத்தை விட்டவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விட்டார்கள்.

இருந்தாலும் விகிதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வியாபாரி இறக்கினால் பெடல், பிரேக், சீட் எல்லாம் சுங்க அட்டவணையில் 8714, ஹெல்மெட் 6506, டயர் 4011 என்று தனித்தனித் தலைப்பில் போகும். நீங்கள் சொந்த உபயோகத்துக்குக் கூரியரிலோ தபாலிலோ வரவழைத்தால் எல்லாமே 9804 என்ற ஒரே தலைப்பு. அதில் முன்பு அடிப்படைத் தீர்வை (டியூட்டி) 35 சதவீதம், அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல சர்சார்ஜ், சாமான் மதிப்போடு இரண்டையும் சேர்த்த தொகையின் மேல் 28 சதவீதம் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி). மொத்தம் 77.28 சதவீதம். வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் இந்த எண்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பழைய கதை. 2025 செப்டம்பர் 22 முதல் 9804-க்கான ஐஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது. இடையில் 20 ஆக இறங்கியிருந்த அடிப்படைத் தீர்வையை 10 ஆகக் குறைப்பதாக 2026-27 பட்ஜெட்டில் நிதியமைச்சர் அறிவித்தார்.

அப்போ 10, 18 இரண்டையும் கூட்டி 28 என்று போட்டுவிடாதீர்கள். வட்டிக்கு வட்டி மாதிரி, தீர்வையின் மேலும் ஐஜிஎஸ்டி ஏறும். 100 ரூபாய்ச் சாமான் 10 சேர்ந்து 110 ஆகும். 110-க்கு 18 சதவீதம் 19.80. ஆக 29.80 ரூபாய். சர்சார்ஜ் இருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். இன்னொன்று, நீங்கள் ஆர்டர் போட்ட நாளின் விகிதம் செல்லாது. கூரியரில் வந்தால் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குக் கொடுக்கும் சரக்கு விவர அறிக்கை) போடும் நாளில் என்ன விகிதமோ அதுதான். மார்ச் கடைசியில் வாங்கி ஏப்ரலில் வந்திறங்கினால் ஏப்ரல் கணக்கு.

அதே 2025 செப்டம்பரில் உள்நாட்டில் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆகிவிட்டது. நீங்கள் நேரடியாக வரவழைத்தால் 18, ஊர்க்கடையில் வாங்கினால் 5. ஷிமானோ செயின், கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பு) போன்று கடையில் சகஜமாக விற்கிற சாமானுக்கெல்லாம் கடைக்காரர் விலையை முதலில் கேளுங்கள்.

சரி, மதிப்புக்கு வருவோம். சுங்கம் பார்ப்பது சாமான் விலையை மட்டும் அல்ல. விலை, கப்பல் கூலியோ விமானக் கூலியோ, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்ததுதான் மதிப்பு. டாலரை ரூபாயாக மாற்றுவதும் கூகுள் காட்டும் விலைக்கு அல்ல, சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விலைக்கு.

விமானக் கூலியில்தான் சைக்கிள்காரர்கள் மாட்டுகிறார்கள். கார்பன் சக்கரம் ஒரு ஜோடி ஒன்றரைக் கிலோதான் இருக்கும். ஆனால் கூரியர் பெட்டியின் இடத்தையும் பார்க்கும். நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 75, 75, 25 பெட்டி என்றால் 1,40,625. வகுத்தால் 28 கிலோ. நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். அந்தக் கூலியும் மதிப்பில் ஏறி, அதற்கும் தீர்வை கட்ட வேண்டும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சலுகை உண்டு. 2007 சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10-வது விதிப்படி, விமானத்தில் வரும் சரக்குக்கு எவ்வளவு கூலி கொடுத்திருந்தாலும் சாமான் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் மதிப்பில் சேர்க்கக் கூடாது. 30,000 ரூபாய்ச் சக்கரத்துக்கு 14,000 கூலி கொடுத்திருந்தால் மதிப்பில் ஏற வேண்டியது 6,000 மட்டும். இதற்கு இன்வாய்ஸில் சாமான் விலையும் கூலியும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். "ஷிப்பிங் உட்பட 44,000" என்று ஒரே வரியில் எழுதி வந்தால் கேட்கிற வழி அடைபடும். ஆர்டர் போடும்போதே விற்பவருக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.

ஐரோப்பியத் தளம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். டெலிவரி நாடு இந்தியா என்று மாற்றியதும் விலை இறங்குகிறதா? ஜெர்மனியில் காட்டும் விலைக்குள் 19 சதவீத வாட் இருக்கும். ஏற்றுமதிக்கு அது கிடையாது. 119 யூரோ 100 ஆக வேண்டும். இறங்கவில்லை என்றால் அவர்கள் நாட்டு வரியையும் கட்டி, அதன் மேல் நம் நாட்டு வரியையும் கட்டுகிறீர்கள்.

இனி இந்தத் தொழிலில் நான் அடிக்கடி பார்க்கும் வம்பு. பெருந்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவர் 900 டாலருக்குச் சக்கரம் வாங்கினார். விற்றவர் உதவி செய்வதாக நினைத்து இன்வாய்ஸில் "சைக்கிள் பாகம், சாம்பிள், 40 டாலர்" என்று எழுதிவிட்டார். பெட்டியைத் திறந்த அதிகாரி ரிம் மேல் இருந்த பெயரைப் போனில் தேடினார், விலை வந்துவிட்டது. பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டார்கள். தம்பி என்னிடம் வந்து, "நான் எழுதலைங்களேண்ணா, அவன்தானுங்களே எழுதுனான்" என்றார். நியாயமான பேச்சுதான், ஆனால் சட்டத்தில் எடுபடாது. கூரியர்காரர் அனுப்பிய லிங்கில் ஆதாரைப் போட்டு 'சரி' என்று அமுக்கும்போது, என் சார்பில் பில் ஆஃப் என்ட்ரி போடு என்று நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள். இறக்குமதியாளர் நீங்கள்தான். மதிப்பைக் குறைத்துக் காட்டினால் சுங்கச் சட்டம் 111-வது பிரிவில் சரக்கைப் பறிமுதல் செய்யலாம், 112-ல் அபராதம், 125-ல் பறிமுதலான சரக்கை மீட்கக் கட்டும் தண்டத்தொகை. அவருக்கும் முழு விலைக்குத் தீர்வை, அதற்கு மேல் தண்டம், அதற்கு மேல் கிடங்கு வாடகை. ஒருவேளை பெட்டி வழியிலேயே தொலைந்திருந்தால் நஷ்டஈடு 40 டாலர் கணக்கில்தான் பேசியிருப்பார்கள்.

"கிஃப்ட்டுன்னு எழுதச் சொல்லட்டுங்களா?" என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். 2019 டிசம்பர் 12 முதல் கூரியரிலோ தபாலிலோ பரிசு என்று சொல்லித் தீர்வையில்லாமல் சரக்கு இறக்குவதற்குத் தடை. விலக்கு ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான்.

கூட்டாக வாங்குவதிலும் கவனம் வேண்டும். ஆறு பேர் சேர்ந்து ஒருவர் பெயரில் ஆறு குரூப்செட் (கியர், பிரேக் முழுத் தொகுப்பு) வரவழைத்தால் அது சொந்த உபயோகமாகத் தெரியாது. வியாபாரம் என்று எடுத்தால் ஏற்றுமதி இறக்குமதி கோட் எண் கேட்பார்கள். அதற்கு, அந்த எண் வைத்திருக்கும் கடைக்காரர் மூலமாகவே இறக்குவது நல்லது. அவருக்கு 8714-ல் போகும், கட்டிய ஐஜிஎஸ்டியைத் தன் ஜிஎஸ்டி கணக்கில் வரவு எடுத்துக்கொள்வார், உங்களுக்குப் பில்லும் வாரண்டியும் இருக்கும்.

கூரியர் கம்பெனி உங்களுக்காகத் தீர்வையை முன்பணமாகக் கட்டினால் அதற்கொரு சேவைக் கட்டணமும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போடும். சின்னச் சாமானுக்குத் தீர்வையைவிட இதுவே அதிகமாகிவிடுவதுண்டு. தளத்திலேயே 'டியூட்டி உட்பட' விலை இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பியைத் தபாலில் வாங்கவே வேண்டாம். அழுத்த வாயு என்பதால் ஆபத்துச் சரக்கு. லித்தியம் பேட்டரி உள்ள எலக்ட்ரானிக் கியரையும் பல தபால் சேவைகள் எடுக்காது, கூரியர்தான் வழி.

பழுதான சாமானைத் திருப்பி அனுப்புவது தனிநபருக்குச் சிரமம். சுங்கச் சட்டம் 26ஏ பிரிவில் தீர்வையைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் பழுதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்ட அளவுக்கு மேல் சாமானைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது, சுங்கம் விடுவித்த 30 நாளுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். பிரேம் ஒருநாள் மலையேறிவிட்டு வந்து விரிசல் தெரிந்தால் இந்த வழி கிடைப்பது கஷ்டம். கம்பெனி இலவசமாக மாற்றுப் பிரேம் அனுப்பினாலும் அதற்கு மதிப்புப் போட்டுத் தீர்வை கேட்பார்கள். வாரண்டியை நம்பி விலை கொடுக்கும் முன் இதையும் கணக்கில் வையுங்கள்.

பார்சல் எதிர்பார்க்கிறவர்களைக் குறிவைக்கும் மோசடியும் நடக்கிறது. "டெல்லி கஸ்டம்ஸ்ல இருந்து பேசறேன், உங்க பார்சல் பிடிபட்டிருக்கு, உடனே 18,000 அனுப்புங்க" என்று போன் வரும். சுங்க அதிகாரி தனிநபர் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ பணம் கேட்பதில்லை. 2019 நவம்பர் 8 முதல் அவர்கள் அனுப்பும் கடிதங்களில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்கும். மறைமுக வரிகள் வாரியத்தின் தளத்தில் அது உண்மையா என்று பார்க்கலாம். சந்தேகம் வந்தால் ஏர்வே பில் எண்ணை (பார்சலுக்குக் கூரியர் கொடுத்த எண்) வைத்து நீங்களே கூரியர் தளத்தில் போய்ப் பாருங்கள், வந்த லிங்கைத் தொடாதீர்கள்.

கடைசியாக, துபாயிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் கொடுத்தனுப்பும் யோசனை. பயணிகள் கையோடு கொண்டுவரும் சாமானுக்கான 2016 பேக்கேஜ் விதியில் தீர்வையில்லா வரம்பு 50,000 ரூபாயாக இருந்தது. 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதியில் 75,000. மாமாவுக்கு 75, அத்தைக்கு 75 என்று இரண்டு பேர் வரம்பையும் ஒரே சக்கரத்துக்குச் சேர்க்க முடியாது. வரம்புக்கு மேல் போனால் பீளமேடு விமான நிலையத்தில் இறங்கியதும் ரெட் சேனலில் (தீர்வை கட்ட வேண்டியவர்கள் போகும் வழி) போய் பில்லைக் காட்டி, கூடுதலுக்கு மட்டும் தீர்வை கட்டச் சொல்லுங்கள். பெட்டியோடு பில்லையும் கொடுத்தனுப்புங்கள். அது இல்லாவிட்டால் அதிகாரி போடுவதுதான் விலை.