எலக்ட்ரோ ஸ்விங்: தமிழில் மின்துள்ளல்

1930களில் பதிவான ஜாஸ் இசைத்தட்டு ஒன்றிலிருந்து சில நொடி டிரம்பெட்டை வெட்டி எடுத்து, தட்டின் கரகரப்பைக்கூடத் துடைக்காமல் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதற்கு அடியில் கணினியில் செய்த கனமான டிரம் அடியைச் சேர்த்தால் ஒரு புது இசை கிடைக்கிறது. இதற்குப் பெயர் எலக்ட்ரோ ஸ்விங். இந்த வகையில் உலகம் அறிந்த பெயர் பரோவ் ஸ்டெலார். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1974இல் பிறந்த மார்க்குஸ் ஃபூரெடர் தனக்கு வைத்துக்கொண்ட மேடைப்பெயர் அது. பாரிஸைச் சேர்ந்த கேரவன் பேலஸ் குழுவின் முதல் ஆல்பம் 2008இல் வந்தது. அவர்கள் பழைய தட்டுகளை மட்டும் நம்பாமல் வயலினும் கிளாரினெட்டும் மேடையிலேயே வாசிப்பார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1994இல், டூப் என்ற டச்சு இரட்டையர் 1920களின் சார்ல்ஸ்டன் நடன மெட்டை எலக்ட்ரானிக் தாளத்தின் மேல் ஏற்றி பிரிட்டன் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்துவிட்டார்கள்.

மதுரையில் லேப்டாப் வைத்து ட்ராக் போடும் பிள்ளைகள் எலக்ட்ரோ ஸ்விங் என்ற சொல்லைச் சரளமாகச் சொல்கிறார்கள். தமிழில் எழுத வேண்டி வரும்போதுதான் ‘மின்ஊஞ்சல் இசை’ போன்ற மொழிபெயர்ப்புகள் தலைகாட்டுகின்றன. அது பொருந்தாது என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு ஸ்விங் என்ற சொல்லின் உள்ளே போக வேண்டும்.

எலக்ட்ரோ என்ற முன்பாதியில் சிக்கல் இல்லை. அம்பர் என்னும் மரப்பிசின் கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. அம்பரைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். அந்த இழுப்புக்கு வைத்த பெயர்தான் பின்னால் மின்சாரத்தின் பெயராயிற்று. நமக்கு ‘மின்’ இருக்கிறது, போதும்.

ஸ்விங் விஷயம் வேறு. பழைய ஆங்கிலத்தில் அதற்கு அடித்தல், விளாசுதல் என்று பொருள். ஊசலாடுதல் என்ற பொருள் பிற்பாடு சேர்ந்தது. ஜாஸ்காரர்கள் அதைத் தாளத்தின் ஒரு குணத்துக்குப் பெயராக்கினார்கள். டியூக் எலிங்டன் 1932இலேயே அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார். 1935இல் பென்னி குட்மன் குழு லாஸ் ஏஞ்சலிஸில் பெற்ற வெற்றிக்குப் பிறகு அது ஒரு காலகட்டத்துக்கே பெயராகிவிட்டது.

சரி, அந்தக் குணம் என்ன? தவில் சொற்கட்டு காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ‘தக தக’ என்று சொல்லுங்கள். ஒவ்வொரு அடியும் இரண்டு சம பாதியாகப் பிரிகிறது. இப்போது ‘தகிட தகிட’. அடி மூன்றாகப் பிரிகிறது, இது திசிர நடை. இதில் நடு எழுத்தை விழுங்கிவிட்டு முதல் எழுத்தை நீட்டுங்கள்: ‘தா..ட, தா..ட’. முதல் பங்கு நீளம், இரண்டாம் பங்கு குட்டை. ஸ்விங் என்பது இந்த ஏற்றத்தாழ்வுதான். வேகமாக வாசித்தால் மட்டும் ஸ்விங் வந்துவிடாது. சொல்லப்போனால் பாட்டு வேகமெடுக்க எடுக்க இரண்டு பங்கும் சமத்தை நோக்கி நெருங்கும். கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் தவில் திசிரத்துக்கு மாறும்போது கால் தானாக ஆடுகிறதே, அந்தக் கால்களுக்கு ஸ்விங் அந்நியமாக இருக்காது.

மின்னணுக் கருவியில் இதைக் கொண்டுவந்தவர் ராஜர் லின். 1980இல் அவர் செய்த டிரம் மெஷினில் இரண்டாம் பங்கைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் வசதி இருந்தது. இன்றைய மென்பொருள்களிலும் ஸ்விங் என்ற பெயரிலேயே அந்தத் திருகு இருக்கிறது. பல மென்பொருள்களில் அந்த எண் ஓர் அடியில் முதல் பங்கு எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லும்: 50 என்று வைத்தால் ‘தக’, 66 என்று வைத்தால் ‘தா..ட’. எலக்ட்ரோ ஸ்விங்கின் ருசியே இங்கேதான்: கீழே டிரம் இம்மியும் பிசகாமல் சமமாக இடிக்க, மேலே பழைய டிரம்பெட் ஏறி இறங்கி வரும்.

இனி தமிழ்ச் சொல். ஊஞ்சலும் ஊசலும் இரு பக்கமும் சம நேரம் ஆடுபவை. சமமின்மைதான் பொருளின் உயிர் என்கிறபோது அந்தச் சொற்கள் கைகொடுக்கவில்லை. தூங்கல் என்ற சொல் என்னை வெகுவாக இழுத்தது. தூங்குதல் என்றால் தொங்கி ஆடுதல் என்ற பழம்பொருள் தூங்கணாங்குருவியின் பெயரில் இன்றும் இருக்கிறது, யாப்பிலும் தூங்கலோசை உண்டு. ஆனால் ஆட்டம் போட வைக்கும் இசைக்கு அந்தப் பெயரை வைத்தால், கேட்பவர்கள் தாலாட்டு என்று நினைத்துவிடுவார்கள்.

யாப்பில் அதற்குப் பக்கத்திலேயே துள்ளலோசை இருக்கிறது. கலிப்பாவுக்கு உரியது. கன்று துள்ளினாற்போலச் சீர்தோறும் துள்ளி, தாழ்ந்து உயர்ந்து வருவது என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். தாழ்வும் உயர்வும் உள்ள ஓசை, அதுவும் ஆட்டத்தோடு! வையையையும் கூடலையும் பாடிய கலித்தொகை முழுக்க இந்த ஓசைதான். ‘துள்ளலிசை’ என்று ஏற்கெனவே பேச்சிலும் இருக்கிறது, ஆகவே யாருக்கும் விளக்கவுரை தேவையில்லை. என் தேர்வு மின்துள்ளல். மின்தடை, மின்தூக்கி என்று எழுதுகிற மாதிரியே சந்தி பார்க்காமல் எழுதலாம். இதை உருவாக்குபவர் மின்துள்ளல் இசைஞர்.

ஜாஸ் காலத்து மூல வகையைச் சொல்லும்போது மட்டும் ஸ்விங் என்றே விட்டுவிடலாம். மதுரை மணி அய்யர் பாடிப் புகழ்பெற்ற, முத்தையா பாகவதர் இயற்றிய அந்த மேற்கத்திய மெட்டை ரசிகர்கள் ‘இங்கிலீஷ் நோட்டு’ என்றுதான் சொல்கிறார்கள். நோட்டு தமிழில் சௌகரியமாக உட்கார்ந்துவிட்ட சொல். ஸ்விங்கும் அப்படி உட்காரட்டும்.

அப்புறம், சாம்பிள். இதை ‘மாதிரி’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். ரத்தப் பரிசோதனைக்குக் கொடுப்பது மாதிரி. இசைத்தட்டிலிருந்து வெட்டி எடுப்பது துணுக்கு. துணுக்கெடுத்தல், துணுக்கிசை என்று வளர்த்துக்கொள்ளவும் வசதி.

அந்தக்கால ஸ்பெஷல் நாடகப் பாட்டு ஒன்றிலிருந்து ஹார்மோனியத் துணுக்கை எடுத்து ஒருவர் டிரம் அடி சேர்க்கிறார் என்று வையுங்கள். அது நல்ல முயற்சி, செய்யத்தான் வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியாகி 60 ஆண்டுகளில் முடிகிறது என்றாலும், பாடியவர் பெயரையும் ஹார்மோனியம் வாசித்தவர் பெயரையும் தெரிந்தவரை போட வேண்டும். ஆனால் நடை ‘தக தக’ என்றே போனால் அது மறுகலவை, அதாவது ரீமிக்ஸ். ‘தா..ட’ வந்தால்தான் மின்துள்ளல்.