கதவுக்கு ஏது குஷன்?

இலங்கையின் கிழக்கே கல்முனையில் ஒரு குஷன் கடையில் எழுதித் தந்த துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "கதவு 4 – குஷன்". என்னுடையது 1980களில் வந்த யப்பான் கார். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான்கு கதவுகளின் உட்புறத்திலும் துணி கழன்று வாழைச் சருகுபோலத் தொங்கியது. ஏறுகிறவர்களின் முழங்கையில் மஞ்சள் தூள் ஒட்டியது.

"காக்கா, கதவில் ஏது குஷன்? அதன்மேல் யாரும் உட்காருவதில்லையே" என்றேன். (இங்கே காக்கா என்றால் அண்ணன்.)

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஊசியும் பசையும் பிடிக்கிற வேலை எல்லாம் குஷன்தான் தம்பி."

அவர் சொன்னதில் பிழை இல்லை. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை தெருவோரப் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு போனால் தெரியும். பஸ் இருக்கை, ஓட்டோவின் கூரை, வீட்டு சோபா, மோட்டார் சைக்கிள் சீட் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். பொருளின் பெயர் தொழிலின் பெயராக விரிந்துவிட்டது. ஆனாலும் அந்தச் சீட்டு வீடு வரை என்னை உறுத்திக்கொண்டே வந்தது. கதவுக்குச் செய்கிற இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்?

முதலில் குஷனைப் பார்த்துவிடலாம். ஆங்கிலம் அதைப் பழைய பிரெஞ்சிலிருந்து எடுத்தது. பிரெஞ்சு அதை லத்தீனில் இடுப்பையும் தொடையையும் குறிக்கும் கொக்ஸா என்ற சொல்லிலிருந்து எடுத்தது என்பது பெரும்பான்மைக் கருத்து. மெத்தை என்று பொருள்படும் இன்னொரு லத்தீன் சொல்லைக் காட்டுவோரும் உண்டு. முதற்கருத்தை ஏற்றால் குஷன் என்பது இடுப்புக்கு உரியது. கதவுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்? கதவைத் தொடுவது முழங்கைதான்.

கதவின் உட்புறப் பலகையைக் கடைக்காரர்கள் பெனல் என்கிறார்களே, அந்தச் சொல்லின் கதை இன்னும் சுவையானது. லத்தீனில் பன்னுஸ் என்றால் துணி. அதன் சிறு வடிவம்தான் பெனல். பிரெஞ்சில் அது துணித் துண்டையும் குதிரைச் சேணத்துக்கு அடியில் வைக்கும் மெத்தையையும் குறித்தது. பிறகே சட்டத்துக்குள் பொருத்தும் மரப் பலகைக்கு அந்தப் பெயர் போனது. கார்க் கதவின் பெனலுக்குத் துணி ஒட்டுகிறவர், தெரியாமலே அந்தச் சொல்லைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருகிறார். நம்முடைய துணியும் அப்படித்தான் பிறந்தது. துணித்தல் என்றால் வெட்டுதல். வெட்டி எடுத்தது துணி. அறுத்தெடுத்தது அறுவை. மதுரையில் அறுவை வாணிகன் என்று ஒரு சங்கப் புலவரே இருந்திருக்கிறார். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும்.

தோல்போலத் தெரியும் றெக்சினுக்கு நீண்ட வரலாறு இல்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் அது. துணியின்மேல் செலுலோஸ் நைட்ரேட்டும் கற்பூர எண்ணெயும் நிறமும் கலந்து பூசி, தோலின் வரிகளை அதில் அழுத்திப் பதித்தார்கள். 1920களிலிருந்து பல பிரித்தானியக் கார்களின் உட்புறத்தில் அதுதான். செலுலோஸ் நைட்ரேட் வெடிமருந்துக்கும் பயன்பட்ட பொருள் என்பதை அறிந்தபோது, பழைய மொரிஸ் கார்களில் சாய்ந்துகொண்டு சுருட்டுப் பிடித்த பெரியவர்களை நினைத்துக் கொஞ்சம் பயந்தேன். இன்று றெக்சின் என்று நாம் வாங்குவது வேறு பிளாஸ்டிக் பூச்சு; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. செயற்கைத் தோல் என்றால் போதும். தோலும் துணியும் சேர்ந்தது என்பதால் தோற்றுணி என்று ஒரு சொல் கட்டிப் பார்த்தேன். எதிலோ தோற்றுவிட்டது போல ஒலித்தது, விட்டுவிட்டேன்.

இனி, இந்த வேலைக்கே ஆங்கிலத்தில் உள்ள சொல்: அப்ஹோல்ஸ்டரி. பஞ்சும் பட்டும் மணக்கும் ஆடம்பரச் சொல்லாகத் தோன்றினாலும் இதன் வேர் மிக எளியது. அப்ஹோல்ட் என்றால் தாங்கிப் பிடித்தல். இடைக்கால ஆங்கிலத்தில், பழுதாகாமல் பேணுதல் என்ற பொருளும் அதற்கு இருந்தது. ஆகவே அப்ஹோல்டர் என்பவர் பழைய சாமான்களை வாங்கி, செப்பனிட்டு விற்றவர். லண்டனில் இவர்களுடைய தொழிற்குழு 1360இல் தொடங்கி 1626இல் அரச பட்டயம் பெற்றது. இன்றும் அதற்கு அதே பெயர்தான். ஒரு காலத்தில் இழவு வீட்டுக்குக் கறுப்புத் துணி கட்டும் வேலையும் இவர்களிடம் இருந்தது. பெயரோடு முதலில் 'ஸ்டர்' என்ற தொழில் விகுதி ஒட்டியது. அது போதாதென்று அதே பொருளுள்ள இன்னொரு விகுதியும் பின்னால் ஒட்டியது. அரசர் என்பதே பலர்பால் விகுதி பெற்றிருக்க, நாம் அதன்மேல் 'கள்' சேர்த்து அரசர்கள் என்கிறோமே, அது போல. கடைசியில், 19ஆம் நூற்றாண்டில், ஆளின் பெயரை வெட்டி வினைச்சொல்லை உண்டாக்கினார்கள். ஆகவே அந்தச் சொல்லின் அடியில் இருப்பது மெத்தை அல்ல, பழுது பார்த்தல். தமிழில் மெத்தை, பஞ்சு என்று தொடங்கிச் சொல் தேடுகிறவர்கள் தவறான கதவைத் தட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மெத்தென்று இருப்பது மெத்தை. திண்ணென்று இருப்பது திண்டு. தலைக்கு அணையாக இருப்பது தலையணை. மூன்றும் நல்ல சொற்கள். குஷன் என்ற பொருளுக்கு இவை தாராளமாகப் போதும். கதவில் கை வைக்கும் இடத்தைக் கையணை என்றும் சொல்லலாம். அந்த உற்சாகத்தில் முழுப் பெனலையும் கதவணை என்று அழைக்கப் போனால் வம்பு. கதவணை என்றால் ஆற்றுக்குக் குறுக்கே கதவுகள் வைத்துக் கட்டிய அணை. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறக்கும் செய்தியை மழைக்காலம்தோறும் வாசிக்கிற ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால், காருக்குள் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்பார்கள். உட்பலகை என்பதே தெளிவு.

பலகையை மூடும் வேலைக்கு உறையிடுதல் என்று அகராதிக்காரர்கள் சொல்லக்கூடும். உறை என்பது கழற்றி மாட்டுவது. தலையணைக்கு உறை, வாளுக்கு உறை. துவைத்து மறுபடி போடலாம். கதவில் ஒட்டிய துணியை அப்படிச் செய்ய முடியாது. அது பலகையின் தோலாகிவிடுகிறது.

கடைக்காரருக்கு வேலை மலையாகக் குவிந்திருந்தது. எனக்கோ மருதமுனைக் கைத்தறித் துணிதான் வேண்டும். நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. "பருத்தி நீளாது தம்பி, வளைவில் சுருங்கும்" என்றார் அவர். அதனால் வேலையை வீட்டிலேயே செய்தேன். கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடியின் பின்னால் குதிரை லாடம் போன்ற ஒரு கம்பி கிளிப் ஒளிந்திருக்கும். பழைய சாரத்திலிருந்து ஒரு பட்டை கிழித்து அதன் பின்னால் செருகி, சப்பாத்துக்கு பாலிஷ் போடுவதுபோல இரு முனையையும் மாறி மாறி இழுத்தால் கிளிப் துள்ளி விழும். என்னுடையது முற்றத்து மணலில் விழுந்தது. நூலில் காந்தம் கட்டி அரை மணி நேரம் உழுதேன்.

பலகையைக் கழற்றிப் பழைய துணியை உரித்தபோது மஞ்சள் தூளின் காரணம் தெரிந்தது. துணிக்கு அடியில் இருந்த மெல்லிய ஸ்பஞ்ச், வெயிலிலும் ஈரக்காற்றிலும் பல வருடம் கிடந்து கடலை மாவாக உதிர்ந்திருந்தது. துணிக்கு ஒன்றுமில்லை, பலகைக்கும் ஒன்றுமில்லை. நடுவில் நின்றது செத்துவிட்டது. பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துவிடக் கூடாது. கண்ணாடியின் இடுக்கால் மழைநீர் கதவுக்குள் வழிந்து அடியிலுள்ள துளைகளால் வெளியேறுவது வழக்கம். அந்தத் தாள் இல்லாவிட்டால் ஒரு மார்கழி மழையே போதும். ஹார்ட்போர்ட் அப்பளம்போல ஊதிவிடும். (கதவுக்குள் காற்றுப்பை வைத்த புதிய கார்களில் இந்த விளையாட்டு வேண்டாம்.)

முதல் கதவைக் கெடுத்தேன். துணியைத் துவைத்துக் காயவைத்து, சுற்றிலும் ஒன்றரை அங்குலம் விட்டு வெட்டியதெல்லாம் சரி. பசையைத்தான் கை நிறையப் பூசிவிட்டேன். கைத்தறி நெசவின் இடைவெளியால் அது ஊறி வெளியே வந்து, நீலத்தில் எண்ணெய்க் கறைபோலத் திட்டுத் திட்டாக நின்றது. அடுத்த கதவுக்கு 3 மில்லிமீற்றர் ஸ்பஞ்சை இடையில் கொடுத்தேன். இரு பக்கமும் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினேன். வளைவான ஓரங்களில் மடிப்பை முக்கோணமாகக் கத்தரித்துப் பின்புறம் இழுத்தேன். வெப்பம் தாங்கும் பசை கட்டாயம் வேண்டும். பூட்டிய கார் நம்முடைய நண்பகலில் 60 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும். சாதாரணப் பசை அதில் இளகி, துணி மெல்ல இறங்கத் தொடங்கும்.

நான்காவது கதவில் துணி ஒரு சாண் போதவில்லை. இரண்டு துண்டின் தலைப்புகளையும் சேர்த்துக் கையாலேயே தைத்தேன். கோடுகள் முழுதும் பொருந்தவில்லை. அந்தத் தையலைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் தேடிய சொல் வந்தது.

சங்க நூலான பொருநராற்றுப்படையின் தொடக்கத்தில் யாழின் உறுப்புகளைச் சொல்லிவரும் இடம் அது. "விசியுறு பச்சை" என்று ஒரு வரி. விசித்தல் என்றால் இழுத்து இறுகக் கட்டுதல். பச்சை என்பது தோல். சில வரிகள் தள்ளி, "பொல்லம் பொத்திய பொதியுறு போர்வை". மரத்தில் குடைந்த பத்தல் என்ற யாழ்க் குடத்தின்மேல், இரண்டு தலைப்பையும் கூட்டித் தைத்து மூடிய தோல்தான் அந்தப் போர்வை. மரச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய தோல், சேர்ப்பில் தையல். என் முற்றத்தில் கிடந்ததும் ஏறக்குறைய அதுதான். தோலுக்குப் பதில் மருதமுனைத் துணி. யாழின் உறுப்புகளை வரிவரியாக ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, மருதமுனையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லாவிட்டாலும் சைக்கிள் தூரம். 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல் ஆக்கப் பணியிலும் அவர் முன்னின்றார். கார்க் கதவு பற்றி அவரிடம் கேட்க முடியாமல் போனது நமக்கு நட்டம்.

போர்வை என்றால் இன்று குளிருக்குப் போர்த்துவது என்று மறுக்கலாம். ஆனால் முரசுக்குத் தோல் போர்த்தல் என்று சொல்லும் வழக்கும் பழையதே. மட்டக்களப்பில் பறைமேளம் அடிப்பவர்களுக்குத் தோல் என்பது மேளத்திலிருந்து கழற்றி மாட்டும் உறை அல்ல என்பதை விளக்க வேண்டியதில்லை. எழுத்தில் கதவுப் போர்வை என்று பெயர்ச்சொல்லாக வைக்கலாம்.

வினைச்சொல்லாக எனக்குப் பிடித்தது பொத்துதல்தான். மூடுதல் என்றும் பொருள், தைத்தல் என்றும் பொருள், கிழிந்ததைச் செப்பனிடுதல் என்றும் பொருள். வாயைப் பொத்துகிறோம், கிழிந்த சட்டையைப் பொத்துகிறோம். வாவிக் கரையில், தோணி நிழலில் கால்விரலில் கண்ணியை மாட்டிக்கொண்டு வலை பொத்துகிறவர்களைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை இங்கே குறைவு. மூடுவது, தைப்பது, பழுது பார்ப்பது: அப்ஹோல்டர் செய்துவந்த மூன்று வேலையும் இந்த ஒரு வினைக்குள் அடங்குகின்றன. பொத்துநர் என்று ஒரு பெயரை மட்டும் யாரும் உண்டாக்கிவிடாமல் இருக்க வேண்டும். அதைப் பெயர்ப் பலகையில் எழுதினால் எந்த வாடிக்கையாளரும் வர மாட்டார்.

மறு வாரம் பின் இருக்கையைக் காட்டுவதற்கு அதே கடைக்குப் போனேன். அவர் கதவைத் திறந்ததும் இருக்கையைப் பார்க்கவில்லை. நான்காவது கதவின் தையல்மேல் பெருவிரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினார். கோடு தவறிய இடத்தில் நகம் நின்றது.

"இதை யார் பொத்தியது?"

நான்தான் என்றேன். ஒன்றும் சொல்லாமல் சீட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினார்: "பின் சீட் – குஷன்". இருக்கைக்கு அது சரிதான்.