500 மில்லி தண்ணீர் ஊற்றச் சொன்னது யார்?

குன்னூரில் பல் கிளினிக் நடத்துகிறேன். பி.டி.எஸ். கனவோடு நீட் எழுதும் சில பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கெமிஸ்ட்ரியும் சொல்லித் தருகிறேன். போன வாரம் கோத்தகிரியிலிருந்து வரும் ரிப்பீட்டர் மாணவிக்கு ஒரு கணக்கு கொடுத்தேன்: 5 சதவீத ஹைப்போகுளோரைட்டை (கிருமிநாசினிக் கரைசல்) வைத்து 1 சதவீதக் கரைசல் 500 மில்லி தயாரிக்க வேண்டும். எம்1வி1 = எம்2வி2 (செறிவையும் கன அளவையும் பெருக்கினால், தண்ணீர் சேர்க்கும் முன்னும் பின்னும் ஒன்றே) போட்டு 100 மில்லி என்று சரியாகவே கண்டுபிடித்தாள். அடுத்த வரியில், "அதுல 500 மில்லி தண்ணி ஊத்தணும் டாக்டர்" என்றாள். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறுகிறார்கள், இந்தப் பதில் மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது.

வி2 என்பது நீங்கள் ஊற்றும் தண்ணீர் இல்லை. கலந்து முடித்தபின் பாத்திரத்தில் இருக்கும் மொத்தக் கரைசல். மொத்தம் 500 வேண்டும், கையில் 100 இருக்கிறது, அப்படியானால் தண்ணீர் 400. நீங்கள் 500 ஊற்றினால் மொத்தம் 600 ஆகி, செறிவு 0.83 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

மோலாரிட்டியிலும், அதாவது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைபொருள் என்ற கணக்கிலும், இதே கூத்துதான். 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, 100 மில்லி கரைசல், 1 மோலார். விடை எல்லாருக்கும் வரும். "எப்படித் தயாரிப்பாய்?" என்று கேட்டால், 100 மில்லி தண்ணீரை அளந்து அதில் போடுவார்களாம்! கொஞ்சம் தண்ணீரில் கரைக்க வேண்டும். சூடாகும், ஆறவிட்டு ஸ்டாண்டர்டு பிளாஸ்க்கில் ஊற்றி, கழுத்திலுள்ள கோடு வரை நிரப்ப வேண்டும். கேரட் தோட்டத்தில் அப்பா மருந்தடிக்கிற டேங்க்கைப் பார்த்ததில்லையா? மருந்தை ஊற்றிவிட்டுத்தான் கோடு வரை தண்ணீர் பிடிப்பார். அவர் நீட் எழுதியவர் இல்லை.

இது புரிந்தால் பரீட்சைக்குப் பிடித்தமான இன்னொரு கேள்வியும் விழுந்துவிடும்: தண்ணீரில் 1 மோலார் (ஒரு லிட்டர் கரைசலில் ஒரு மோல்), 1 மோலால் (ஒரு கிலோ கரைப்பானில், இங்கே தண்ணீரில், ஒரு மோல்), எது செறிவு அதிகம்? மோலார்தான். அந்த ஒரு லிட்டருக்குள் கரைபொருளும் இடம்பிடிப்பதால் தண்ணீர் பொதுவாக ஒரு கிலோவுக்குக் குறைவு. ஊட்டிக் குளிரில் மோலாரிட்டி மாறுமா என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. கரைசல் சுருங்குவதால் மோலாரிட்டி ஒரு துளி கூடும். மோலாலிட்டி எடைக்கணக்கு, அசையாது.

2013 நீட்டில், 2 மோலார் நைட்ரிக் அமிலம் 250 மில்லி தயாரிக்க 70 சதவீத அமிலம் எத்தனை கிராம் வேண்டும் என்று கேட்டார்கள். 0.5 மோலை 63-ஆல் பெருக்கி 31.5 வந்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். அது சுத்த அமிலம். 0.7-ஆல் வகுத்தால் 45.

சீட் கிடைத்ததும் இதை மறந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மரத்துப்போக ஊசியில் போடும் 2 சதவீத லிக்னோகெய்ன் மருந்தில் மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் 2 என்று சொல்லும் பயிற்சி டாக்டர்களை நானே பார்த்திருக்கிறேன். 20 ஐயா, 20! 2 சதவீதம் என்றால் 100 மில்லியில் 2 கிராம். மரத்துப்போகும் ஊசியின் உச்ச அளவை நோயாளியின் எடைக்கு மில்லிகிராமில்தான் கணக்குப் போடுகிறோம்.

கணக்கைத் தொடுமுன் 'கரைசலா, கரைப்பானா' என்று கேள்வியில் அடிக்கோடு போடுங்கள். மில்லியை லிட்டராக்குங்கள். கால்குலேட்டரை இன்றே தூக்கி வையுங்கள், ஹாலில் கிடையாது. தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும், குத்துமதிப்பாகக் குறிக்காதீர்கள்.

பெற்றோரே, இதற்காகக் கோயம்புத்தூரில் ஹாஸ்டல் தேட வேண்டாம். பள்ளி லேபில் பிள்ளை தன் கையால் ஒருமுறை அந்த பிளாஸ்க்கைக் கோடு வரை நிரப்ப ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.